பலெர்மோவில் ஆள் துணை இல்லாமல் சுற்ற: கொழும்பிலிருந்து வெளிக்கிடுகிறவர்களுக்கு

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ பலெர்மோவுக்குப் போகிற எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஹோட்டலில் தங்குவதில்லை. தம்பி வீடு, மகள் வீடு, சித்தப்பாவின் மகன் வீடு என்று ஏதாவது ஒரு வீடு இருக்கும். சிசிலித் தீவின் தலைநகரமான அந்தத் துறைமுகப் பட்டினத்தில் 1980களிலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. "நீங்கள் வாங்கோ, எல்லாம் நாங்கள் காட்டுறம்" என்று போனில் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். ஆனால் அங்கே பலருக்கு வீட்டு வேலை, அல்லது வயதான இத்தாலியர்களைப் பராமரிக்கிற வேலை. ஓய்வு என்றால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமைப் பின்னேரமும்தான். மிச்ச நாட்களில் காலை ஏழு மணிக்கே வீடு வெறிச்சோடிவிடும். என் தங்கச்சி ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவாள், அவளுடைய மனுசன் வேறு திசையில் போய்விடுவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம். விளங்காத பாஷையில் ஓடுகிற டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க அவ்வளவு காசு செலவழித்துப் போகத் தேவையில்லை. அந்த வேலை நாட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இத்தாலியன் தெரியாது, முழங்கால் வலியும் உண்டு. என்னால் முடிந்தால் உங்களாலும் முடியும்.

முதலில் விசா. ஷெங்கன், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசாவுக்கு விண்ணப்பம் கொழும்பில் விஎஃப்எஸ் என்ற விண்ணப்பம் ஏற்கிற நிறுவனம் மூலம் போகும். 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்னாவது கொடுக்க வேண்டும். பதினைந்தாம் நாள் வரை இழுக்கிற ஆளாக இருந்தால் விமான டிக்கட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். உறவினர் வீட்டில் தங்குகிறீர்கள் என்றால் அவர்கள் அனுப்ப வேண்டியது அழைப்புக் கடிதமும், தங்களுடைய அடையாள அட்டை, வதிவிட அனுமதி இவற்றின் பிரதிகளும். நீங்கள் இருவரும் இன்ன உறவு என்று காட்டப் பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். அக்கா தங்கை என்று நாங்கள் சொன்னால் மட்டும் போதாது, இருவரின் சான்றிதழிலும் அப்பா பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் 'எஸ்' மற்றதில் 'எஸ்எச்' என்று இருக்கிற குடும்பங்கள் எங்களில் எத்தனையோ.

இன்னொன்று, உறவினருக்கு நினைவூட்ட வேண்டியது. வெளிநாட்டவர் ஒருவரை வீட்டில் தங்க வைத்தால் 48 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று இத்தாலியில் சட்டம் இருக்கிறது. வேலைக் களைப்பில் மறந்துவிடுவார்கள்.

அப்புறம் சூட்கேஸ். இதில்தான் எங்கள் ஆட்கள் பிடிவாதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக முடியாது. பால்மா, நெய், பால் ரொஃபி எல்லாம் அதற்குள் அடங்கும். பச்சையான பழம், மரக்கறி, இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகக்கூடாது. விலக்கு உள்ளவை ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டூரியன். ஆகவே கறுத்தக்கொழும்பான் மாம்பழம், முருங்கைக்காய், கறிவேப்பிலை மூன்றையும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் தாராளமாகப் போகும். கருவாடு குடல் நீக்கிக் காய்ந்ததாக இருந்தால் சொந்தப் பாவனைக்கு அனுமதி உண்டு. ஆனால் மூன்று பொலித்தீன் உறை போட்டுக் கட்டுங்கள், பக்கத்தில் இருக்கிற சேலையும் உங்களுடையதுதானே.

கட்டுநாயக்காவிலிருந்து பலெர்மோவுக்கு நேரடி விமானம் கிடையாது. டோஹா அல்லது டுபாய் வழியாக ரோம், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கொழும்பிலிருந்து பலெர்மோ வரை ஒரே டிக்கட்டா, அல்லது ரோம் வரை ஒன்றும் அதற்கப்பால் மலிவு விமானத்தில் தனியாக ஒன்றுமா? ஒரே டிக்கட் என்றால் பெட்டி நேரே பலெர்மோ போகும், விமானம் பிந்தினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் ரோமில் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும், 30 கிலோவோடு வந்த உங்களுக்கு அடுத்த விமானத்தில் 20 கிலோதான் இருக்கும், அதுவும் முன்கூட்டிக் காசு கட்டியிருந்தால். மிச்சம் பிடித்த காசு அந்தப் பத்துக் கிலோவில் போய்விடும். அறுபது வயதுக்காரருக்கு நான் ஒரே டிக்கட்டைத்தான் சொல்வேன்.

எப்படி இருந்தாலும் குடிவரவுச் சோதனை ரோமில்தான், பலெர்மோவில் இல்லை. 2025 ஒக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் விரலடையாளமும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளம். ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானங்கள் பொதுவாக டேர்மினல் 3இல் வந்து நிற்கும், உள்நாட்டு விமானம் டேர்மினல் 1. நடந்துபோகலாம். இடையில் மூன்று மணித்தியாலமாவது வையுங்கள்.

பறக்கப் பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ரோமிலிருந்து பலெர்மோவுக்கு இன்ரர்சிட்டி ரயில் ஓடுகிறது, பதினொரு பன்னிரண்டு மணித்தியாலம் பிடிக்கும். வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கப்பலுக்குள்ளேயே தள்ளி ஏற்றி, நீரிணையைக் கடந்து மெசினாவில் இறக்கி, திரும்பப் பூட்டி ஓட்டுவார்கள். நீங்கள் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலின் மேல் தளத்துக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வரலாம். தலைமன்னார் கப்பல் காலத்துக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பிடிக்கும். நாப்போலியிலிருந்து இரவுக் கப்பலும் இருக்கிறது. மாலையில் ஏறினால் விடிய பலெர்மோத் துறைமுகம், இறங்கினால் நகரத்தின் நடுவில் நிற்பீர்கள்.

விமான நிலையத்தின் பெயர் ஃபல்கோனே–பொர்செல்லினோ. 1992இல் மாஃபியாக்காரர் குண்டு வைத்துக் கொன்ற இரண்டு நீதிபதிகளின் பெயர். நகரத்துக்கு வெளியே 35 கிலோமீட்டர் அளவில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. நகரத்துக்குள் வர பஸ்ஸும் ரயிலும் இரண்டும் உண்டு, இரண்டும் ஆறேழு யூரோ மட்டில், இரண்டும் ஒரு மணித்தியாலத்துக்குள் அல்லது சற்றுக் கூட. ரயில் நிலையம் விமான நிலையக் கட்டடத்தின் கீழேயே. உறவினர் வீடு நொத்தர்பார்த்தொலோ ரயில் நிலையப் பக்கம் என்றால் ரயில் வசதி, மத்திய ரயில் நிலையத்துக்குப் போய்த் திரும்பி வரத் தேவையில்லை. பஸ் பொலித்தேயாமாச் சதுக்கத்தில் நின்று மத்திய ரயில் நிலையம் வரை போகும். முதல் தரம் போகிறவர்கள் பஸ்ஸில் போங்கள். கப்பாச்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் உயரமான செந்நிறத் தூண்கள் வரும். 1992 மே 23இல் நீதிபதி ஃபல்கோனே, அவர் மனைவி, மூன்று காவலர்கள் இறந்த இடம் அது. மேலே மலைச்சரிவில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடத்தில் 'மாஃபியா வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அங்கிருந்துதான் குண்டை இயக்கினார்கள். பஸ்ஸில் பேசிக்கொண்டிருந்த அங்கத்தைய சனம் அந்த இடத்தில் சற்று நேரம் வெளியே பார்த்துவிட்டுத் தொடர்ந்து கதைத்ததைக் கண்டேன். எங்களுக்கும் அப்படிச் சில சந்திகள் இருக்கின்றனதானே.

இனி நகரம். பழைய பலெர்மோவை மனதில் பதிக்க ஒரு சிலுவையைக் கீறுங்கள். மத்திய ரயில் நிலையத்திலிருந்து வடக்கே போகிற நேர் வீதி வியா மக்குவேதா. கடல் பக்கத்திலிருந்து அரண்மனை வரை ஏறுகிற வீதி கோர்சோ விட்டோரியோ எமானுவேலே. இரண்டும் வெட்டுகிற சந்தி குவாத்ரோ காந்தி. நாலு மூலையிலும் வளைந்த நாலு கட்டடம், சிலைகளோடு. எங்கே தொலைந்தாலும் "குவாத்ரோ காந்தி?" என்று கேளுங்கள், கையைக் காட்டுவார்கள். மக்குவேதாவில் பெரும்பகுதி வாகனம் இல்லாத வீதி. அதிலேயே நேரே நடந்தால் தேயாத்ரோ மாசிமோ வரும், 1897இல் திறந்த, இத்தாலியின் ஆகப் பெரிய ஒப்பரா அரங்கு. இன்னும் நடந்தால் பொலித்தேயாமா. ரயில் நிலையத்திலிருந்து அது வரை இரண்டு கிலோமீட்டர் அளவுதான், என் முழங்காலோடு நாற்பது நிமிடம். வாகனம் இல்லாத வீதி என்றாலும் ஸ்கூட்டர்களுக்கு அது தெரியாது. பின்னால் சத்தம் கேட்டால் பக்கத்துக்குத் துள்ளாதீர்கள், நேரே நடங்கள், அவன் சுற்றிப் போவான்.

பஸ்ஸில் ஏறுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பழக்கம் ஓடி ஏறிவிட்டுக் கொண்டக்டரிடம் காசை நீட்டுவது. அங்கே கொண்டக்டர் இல்லை. டிக்கட்டைக் கீழேயே வாங்கி வைத்திருக்க வேண்டும். 'ட' மாதிரியல்ல, ஆங்கில 'டீ' எழுத்தைப் பெரிதாகப் போட்டுத் தொங்குகிற புகையிலைக் கடைகள் மூலைக்கு மூலை இருக்கும். தபாக்கி என்பார்கள். அங்கே போய் "பில்லியெத்தோ அவுத்தோபுஸ்" என்றால் தருவார்கள். ஒன்று ஒன்றரை யூரோவுக்குள், 90 நிமிடத்துக்குச் செல்லும். நாலைந்தாக வாங்கிப் பேர்ஸில் போடுங்கள், ஏனென்றால் மத்தியானம் ஒன்றுக்கும் நாலுக்கும் இடையில் பல கடை பூட்டு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் கஷ்டம். பஸ்ஸில் ஏறியதும் கம்பியில் பூட்டியிருக்கிற சின்ன இயந்திரத்தின் வாய்க்குள் டிக்கட்டைச் செருக வேண்டும், அது நேரத்தை அச்சடித்துத் தரும். டிக்கட் வாங்கியும் அச்சடிக்காவிட்டால் பரிசோதகர் கண்ணில் டிக்கட் இல்லாதவரும் நீங்களும் ஒன்றுதான். அங்கத்தைய இளசுகள் பல பேர் அச்சடிக்காமல் நிற்பார்கள். அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள், அபராதம் கட்டும்போது அவர்கள் பாஷையில் வாதாட அவர்களுக்கு முடியும்.

எனக்குப் பிடித்த பஸ் 101. காலி வீதியில் மொரட்டுவைக்கும் கோட்டைக்கும் ஓடுகிற எங்கள் 101 போலவே இதுவும் ஒரே நேர்கோட்டில் ஓடுகிற பஸ். மத்திய ரயில் நிலையம், வியா ரோமா, பொலித்தேயாமா, அப்படியே மரங்கள் நிறைந்த வியா லிபெர்த்தா. எங்கே ஏறினாலும் குழப்பம் இல்லை. சனம் நெருக்கும், கைப்பையை முன்பக்கம் பிடியுங்கள். இறங்க வேண்டிய இடத்தில் முன்னால் ஆள் நின்றால் "ஷெந்தெ?" என்று கேட்க வேண்டும். நீங்கள் இறங்குகிறீர்களா என்று அர்த்தம். இறங்காவிட்டால் விலகி வழி விடுவார்கள். பேசாமல் இடித்துக்கொண்டு போனால்தான் முறைப்பார்கள்.

மொண்டெல்லோக் கடற்கரைக்கு 806, பொலித்தேயாமாப் பக்கத்திலிருந்து. கோடையில் நிற்கவும் இடம் இருக்காது, காலையிலேயே போங்கள். மொன்றேயாலே பேராலயத்துக்கு அரண்மனைக்குப் பின்னால் உள்ள இந்திப்பெந்தென்சாச் சதுக்கத்திலிருந்து 389. டிராம் 2015இல் வந்தது, நாலு பாதை, பெரும்பாலும் புறநகருக்கு. உறவினர் வீடு அந்தப் பக்கம் என்றால் தவிர உங்களுக்கு வேலை இல்லை.

இந்திப்பெந்தென்சாச் சதுக்கம் வரை போகிறவர்கள் அரண்மனையைத் தவறவிடக்கூடாது. உள்ளே 12ஆம் நூற்றாண்டில் ரோஜர் அரசன் கட்டிய சிற்றாலயம் இருக்கிறது. சுவர் முழுக்கப் பொன் பதித்த படங்கள், மேலே அரபுக் கைவினைஞர் செதுக்கிய மரக்கூரை. சனம் எல்லாம் பொன்னைப் பார்த்து வாயைப் பிளக்கும். நீங்கள் அங்கே உள்ள ஒரு கல்லைத் தேடுங்கள்: 1142இல் அரசன் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றி லத்தீன், கிரேக்கம், அரபு என்று மூன்று மொழியில் வெட்டியது. எங்கள் கொழும்பு நூதனசாலையில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டிய காலிக் கல்வெட்டு நிற்கிறதே, அதற்கு இது இரண்டரை நூற்றாண்டு மூத்தது. நூதனசாலையில் அந்தக் கல்லைப் பார்க்காமல் போகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பெல்லெக்ரீனோ மலைக்கு வருவோம். நீங்கள் சைவமோ வேதமோ, உறவினர் உங்களை அங்கே கட்டாயம் கூட்டிப்போவார்கள். சாந்தா ரோசாலியா பலெர்மோவின் காவல் புனிதை. 1624இல் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகளைக் குகையில் கண்டெடுத்து நகரத்தைச் சுற்றி ஊர்வலம் கொண்டுபோக, நோய் நீங்கியது என்பது நம்பிக்கை. எங்கள் தமிழ்ச் சனம் சமயம் பார்க்காமல் அங்கே போகிறது. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை நேர்த்தி வைக்கிற சைவக்காரர்களைத் தினமும் காண்கிற கொழும்பாருக்கு இதில் அதிசயம் இல்லை, பலெர்மோக்காரருக்குத்தான் முதலில் அதிசயமாக இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போவது ஒன்று, வேலை நாளில் தனியாகப் போவது வேறு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். 812 பஸ் பொலித்தேயாமாப் பக்கத்திலிருந்து மேலே போகிறது. அடிக்கடி ஓடாது, ஆகவே இறங்கும்போதே திரும்புகிற பஸ்ஸின் நேரத்தை நிறுத்தத்தில் பார்த்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் 400 மீட்டருக்கு மேலான உயரத்தில், முகப்பு மட்டும் கட்டடம், உள்ளே முழுக்கக் குகை. பாறையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். அது சனத்தின் தலையில் விழாமல் மேலே குறுக்கும் நெடுக்கும் தகரப் பீலிகள் பொருத்தி ஒரு பக்கமாக வடிய விட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத் தீர்த்தமாக எடுப்பார்கள். உள்ளே குளிர், கோடையிலும் ஒரு சால்வை வேண்டும். தோளை மூடவும் அது உதவும், இது எல்லாத் தேவாலயத்துக்கும் பொருந்தும்.

நடந்து ஏற விரும்புகிறவர்களுக்கு கற்கள் பதித்த பழைய பாதை நாலு கிலோமீட்டர் அளவில் வளைந்து வளைந்து போகிறது. செப்டம்பர் 4க்கு முந்தின இரவு ஊரே அதில் ஏறும், சிலர் வெறுங்காலோடு. ஜூலை 14 இரவு நகரத்துக்குள்ளே பெரிய திருவிழா: கப்பல் வடிவத் தேர் குவாத்ரோ காந்தியில் நிற்க, மேயர் அதில் ஏறிப் புனிதைக்கு வாழ்த்துச் சொல்வார், பிறகு கடற்கரையில் வாணவேடிக்கை. பார்க்க வடிவு, ஆனால் ஜூலைச் சூடும் சன நெரிசலும் வயதானவர்களுக்கு ஆகாது. என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் வாரத்துக்குப் போங்கள். ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய கிழமையில் கடைகளில் பாதி பூட்டியிருக்கும், அந்த நேரம் வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு வீட்டில் சோறும் கறியும்தான், அது தெரிந்த கதை. வெளியே பசித்தால் பலாரோச் சந்தைக்குப் போங்கள், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கோடையில் அங்கே மரக்கறித் தட்டில் ஒன்று பார்ப்பீர்கள். வெளிர்ப் பச்சை, கை நீளத்துக்கும் கூட, புடலங்காய் என்றே நினைப்பீர்கள். அது சுரைக்காய். அதன் இளம் இலையையும் கொடியையும் கட்டுக் கட்டாகத் தனியே விற்பார்கள், அவர்கள் அதைப் பாஸ்தாவோடு அவித்துச் சாப்பிடுகிறார்கள். வாங்கி வந்து தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து கொடுத்தேன், தங்கச்சியின் பிள்ளைகள் பாஸ்தாவே மேல் என்றார்கள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தேங்காய்ப்பால் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்து ஆசியக் கடைகளில் கிடைக்கும், ஆகவே மேலே சூட்கேஸ் பற்றிச் சொன்னதற்குக் கவலைப்பட வேண்டாம்.

மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் கவனிக்க: அரன்சீனா என்ற பொரித்த சோற்றுருண்டையில் ஒரு வகைக்குள் இறைச்சி, 'வெண்ணெய்' என்று பெயர் போட்ட வகைக்குள் பெரும்பாலும் பன்றித் தொடை இறைச்சி. பெயரை நம்பாதீர்கள். பானெல்லே எடுங்கள். கடலைமாவைக் கிண்டி ஆறவிட்டு மெல்லிய துண்டாக வெட்டிப் பொரித்தது, பாணுக்குள் வைத்து எலுமிச்சம்புளி விட்டுத் தருவார்கள், இரண்டு மூன்று யூரோவுக்கு வயிறு நிறையும். மற்ற எதற்கும் "சென்ஸா கார்னே", இறைச்சி இல்லாமல் என்று சொல்லிவிட்டு, பிறகும் ஒருமுறை உள்ளே பாருங்கள். கோப்பிக் கடையில் பல இடங்களில் முதலில் காசாளரிடம் கட்டிவிட்டுத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கோப்பி வரும். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் இருந்தால் கூடிய விலை. கோப்பி என்று அவர்கள் தருவது இரண்டு மிடறுதான்.

திரும்பும்போது விடியற்காலை விமானம் என்றால் ரயிலை நம்பாதீர்கள். முந்தின நாளே முதல் பஸ் நேரத்தைப் பாருங்கள், பொருந்தாவிட்டால் டாக்சிக்குச் சொல்லி வையுங்கள். சனத்துக்குக் கொடுக்க பிஸ்தாக் களிம்புப் போத்தல் வாங்குவீர்கள், எல்லோரும் வாங்குவார்கள். அதைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் பிடித்து எடுத்துவிடுவார்கள். சூட்கேஸுக்குள், கருவாடு வந்த அதே மூன்று பொலித்தீனைக் கழுவிச் சுற்றி, உடுப்புக்கு நடுவில் வையுங்கள்.